தொடர்மாடியின் பொறுப்பைக் கட்டியவரிடமிருந்து வாங்குவது எப்படி?

கேள்வி: நல்லூர்ப் பக்கம் ஐந்து மாடிக் கட்டடத்தில் வீடு வாங்கியிருக்கிறோம். 24 வீடுகளில் 19 விற்றாகிவிட்டன. மூன்று ஆண்டுகளாகக் கட்டிய நிறுவனமே மாதப் பராமரிப்புக் காசை வாங்கிச் செலவழிக்கிறது. கணக்குக் காட்டியதில்லை. இப்போது திடீரென்று, "இனி நீங்களே நடத்துங்கள், இந்தக் கடிதத்தில் கையெழுத்து வையுங்கள்" என்கிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, அங்கே இதற்குச் சட்டத்தில் நாள் குறித்திருக்கிறது என்கிறார். இங்கே என்ன முறை? கையெழுத்து வைக்கலாமா?

பதில்:

இப்போது வைக்காதீர்கள். பொறுப்பை ஏற்கவேண்டாம் என்று சொல்லவில்லை. ஏற்கத்தான் வேண்டும், அதுவும் விரைவில். ஆனால் அந்தக் கடிதத்தை ஒருமுறை மெதுவாக வாசியுங்கள். "கட்டடமும் பொது வசதிகளும் நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டன, இனிமேல் எமக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற பொருளில் எங்கோ ஒரு வரி இருக்கக்கூடும். அந்த ஒரு வரிக்காகவே எழுதப்படும் கடிதங்கள் உண்டு.

நான் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் ஒன்பது ஆண்டுகள் நிர்வாக சபைச் செயலாளராக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். எனக்கு முன்பிருந்த சபை அப்படி ஒரு கடிதத்தில் கையெழுத்து வைத்துவிட்டது. இரண்டு மாரி கழிந்ததும் மொட்டைமாடி ஒழுகத் தொடங்கியது. மேல்மாடி வீட்டு அம்மா மழை நாட்களில் கட்டிலை இழுத்து இழுத்துப் போட்டுப் படுத்தார். கட்டியவர்களிடம் போனோம். எங்கள் கையெழுத்தின் பிரதியை மேசையில் வைத்தார்கள். திருத்தவேலை முழுவதும் எங்கள் பொக்கெற்றில் இருந்துதான் போனது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, சட்டத்துக்கு வருவோம். "நிறுவனம் எங்களுக்கு அதிகாரத்தைத் தரவேண்டும்" என்ற நினைப்பில் கேட்டிருக்கிறீர்கள். இலங்கையில் அது அப்படி அமையவில்லை. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டமும், 1982, 1999, 2003 ஆகிய ஆண்டுகளில் அதற்கு வந்த திருத்தங்களும்தான் உங்களுக்கு அடிப்படை. அந்தச் சட்டத்தின்படி, கட்டடத்தின் கூட்டாதன வரைபடம், அதாவது ஒவ்வொரு வீட்டையும் பொதுப் பகுதிகளையும் பிரித்துக் காட்டும் படம், காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதும் வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்து சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளாகிவிடுகிறார்கள். அதற்குப் பெயர் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். வரைபடத்தின் இலக்கமே அதன் பெயரிலும் இருக்கும். அது வழக்குப் போடலாம், அதன்மேல் வழக்குப் போடலாம். பொதுப் பகுதிகளைப் பராமரிப்பது, நிதியம் வைத்திருப்பது, பங்கு வீதப்படி காசு அறவிடுவது, கட்டடத்துக்குக் காப்புறுதி எடுப்பது எல்லாம் அதன் கடமைகள். கட்டிய நிறுவனமும் அதில் ஓர் உறுப்பினர்தான், விற்காமல் கையில் வைத்திருக்கும் ஐந்து வீடுகளின் உரிமையாளர் என்ற அளவில். அந்த ஐந்து வீடுகளுக்கும் அவர்கள் மாதக்காசு கட்டவேண்டும். இதைப் பல இடங்களில் யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்.

ஆகவே, வரைபடம் பதியப்பட்டிருந்தால் அதிகாரம் ஏற்கெனவே உங்களுடையது. அவர்கள் கையில் இருப்பது காகிதங்களும், வங்கிக் கணக்கும், "இதையெல்லாம் அவர்கள்தானே பார்க்கிறார்கள்" என்ற உங்கள் பழக்கமும்தான். இந்த மூன்றையும் வாங்குவதுதான் பொறுப்பேற்பது.

இது நமக்குப் புதிய விஷயமும் அல்ல. யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதி ஒன்றை எடுத்துப் பாருங்கள். காணியின் பரப்பும் குழியும் சொன்ன பிறகு, பக்கத்து வளவுக் கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கும், அதற்குப் போகும் வழி வாய்க்கால் உரிமையும் என்று எழுதியிருக்கும். கிணற்றை யாரும் பிரித்து எடுத்துக்கொண்டு போகமுடியாது. ஆனால் பங்கு இருக்கிறது, இறைக்க முறை இருக்கிறது, கிணறு தூர்ந்தால் பங்குக்காரர் எல்லோரும் செலவைத் தாங்கவேண்டும். உங்கள் லிப்டும், படிக்கட்டும், மொட்டைமாடியும் அந்தப் பங்குக் கிணறு மாதிரித்தான்.

அதனால் முதல் வேலை, யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்துக்குப் போய்த் தேடுவது. உங்கள் உறுதியில் வரைபட இலக்கமும் பதிவு விபரமும் இருக்கும். நொத்தாரிசு ஒருவர் மூலமாகத் தேடுவிப்பது இன்னும் சுகம். பதியப்பட்டிருப்பது எந்த வகை வரைபடம் என்பதையும் பாருங்கள். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, கட்டி முடிக்காத கட்டடத்துக்குத் தற்காலிக வரைபடமும், பகுதி மட்டும் முடிந்த கட்டடத்துக்கு அதற்கேற்ற வரைபடமும் பதிய முடியும். உங்கள் கட்டடம் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியும் பதிவு தற்காலிக நிலையிலேயே நின்றால், மற்றப் பேச்சுக்கு முன் அதைச் சரிசெய்யச் சொல்லவேண்டும்.

வரைபடமே பதியப்படவில்லை, காணியில் பிரிபடாத பங்கு ஒன்றை மட்டும் எழுதித் தந்திருக்கிறார்கள் என்றால் நிலைமை வேறு. அப்போது பொறுப்பேற்க ஒரு கூட்டுத்தாபனமே இல்லை. லிப்டையும் மோட்டரையும் திருத்தும் செலவை மட்டும் உங்கள் தலையில் கட்டிவிட்டு அவர்கள் விலகிவிடலாம். அப்படியானால் ஒரு சட்டத்தரணியைப் பிடியுங்கள். கொழும்பில் இருக்கும் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபைக்கும் எழுதுங்கள். 1973இல் பொது வசதிகள் சபையாகத் தொடங்கி, 2003 திருத்தத்தோடு இந்தப் பெயருக்கு மாறிய அரச நிறுவனம் அது. வரைபடம் பதிய அதன் சான்றிதழும் வேண்டும். ஆகவே உங்கள் கட்டடத்துக்கு அப்படி ஒன்று வழங்கப்பட்டதா என்று அவர்களிடம் கேட்பது நேரான கேள்வி.

அண்ணா சொன்னது உண்மைதான். ஒன்ராறியோவில் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கட்டியவர் பெரும்பான்மை வீடுகளின் உரிமையை இழந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் ஒப்படைப்புக் கூட்டத்துக்கு அழைப்பு விடவேண்டும். அழைத்து 21 நாட்களுக்குள் கூட்டமும் நடக்கவேண்டும். அதில் உரிமையாளர்கள் புதிய சபையைத் தெரிவார்கள். கூட்டறிக்கைப் புத்தகம், ஒப்பந்தங்கள், வரைபடங்கள், உத்தரவாதப் பத்திரங்கள், கணக்குகள் எல்லாம் குறித்த நாட்களுக்குள் கைமாற வேண்டும். அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். புளோரிடாவில், தனி வீடுகள் கொண்ட குடியிருப்பு என்றால், 90 வீதம் விற்று மூன்று மாதமானதும் குடியிருப்பாளர்களே பெரும்பான்மைச் சபையைத் தெரியலாம்.

ஒன்ராறியோச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த நாள் கணக்கு அல்ல. அங்கே கட்டடம் பதியப்பட்டு 6 மாதத்துக்கும் 10 மாதத்துக்கும் இடையில் ஒரு பொறியியலாளரோ கட்டடக் கலைஞரோ பொதுப் பகுதிகள் முழுவதையும் பரிசோதித்து அறிக்கை தரவேண்டும். கூட்டுத்தாபனத்தின் செலவில், கூட்டுத்தாபனத்துக்காக. உத்தரவாதக் காலம் முடியுமுன் குறைகளைப் பட்டியல் போடுவதுதான் நோக்கம். இங்கே யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை, ஆனால் செய்வதற்குத் தடையும் இல்லை. 19 வீட்டுக்காரரும் பிரித்தால் ஒரு பட்டயப் பொறியியலாளரின் கட்டணம் பெரிய சுமையல்ல. கட்டிய நிறுவனத்தோடு தொழில் தொடர்பு இல்லாதவராகப் பாருங்கள். உப்புக்காற்று ஊரில் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கினால் கொங்கிறீற்று வெடிக்கும். மொட்டைமாடித் தளம், தண்ணீர்த் தாங்கியின் அடிப்பக்கம், வெளி விறாந்தை விளிம்பு ஆகிய இடங்களைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

காலத்தையும் கவனியுங்கள். ஆட்சியுரிமைக் காலவரையறை பற்றிய 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தத்தின்மேல் வழக்கிட பொதுவாக 6 ஆண்டுகள், வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு 3, சேதத்துக்கு நட்டஈடு கேட்பதற்கு 2. உங்களுக்கு மூன்று ஆண்டுகள் ஏற்கெனவே போய்விட்டன. எனவே அறிக்கை வந்ததும் குறைகளைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னதற்கு நாளைக்குச் சாட்சி இல்லை.

இனிக் காகிதங்கள். மாநகரசபை அனுமதித்த கட்டட வரைபடம், கட்டி முடிந்ததும் சபை தந்த குடிபுகு சான்றிதழ், பதியப்பட்ட கூட்டாதன வரைபடத்தின் பிரதி, லிப்ட் நிறுவனத்தோடான பராமரிப்பு ஒப்பந்தம், ஜெனரேற்றர், நீர் மோட்டர் உத்தரவாதப் பத்திரங்கள், தீயணைப்பு வசதி பற்றிய சான்று, காப்புறுதிப் பத்திரம், பொது மின்மானிக் கணக்கு, சோலைவரிப் பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் கேளுங்கள். இவற்றைவிடப் பெறுமதியானது ஒன்று இருக்கிறது, ஆனால் அதை யாரும் கேட்பதில்லை. உண்மையில் கட்டியபடி வரைந்த குழாய்ப் படமும் மின்கம்பிப் படமும்தான் அது. அனுமதிக்குக் கொடுத்த படம் வேறு, சுவருக்குள் ஓடும் குழாய் வேறு. அந்தப் படம் இல்லாமல் ஒரு கசிவைத் தேட எங்கள் கட்டடத்தில் மூன்று குளியலறைகளின் தரையோட்டை உடைத்தோம். படம் இல்லை என்றால், நிறுவனத்தில் வேலை செய்த குழாய் வேலைக்காரரையும் மின் வேலைக்காரரையும் ஒரு நாள் கூட்டிவந்து, தண்ணீரை நிறுத்தும் வால்வுகள் எங்கே, குழாய் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று காட்டச்சொல்லிப் படம் எடுத்து வையுங்கள். அந்த ஆட்கள் வெளிநாடு போகுமுன் இதைச் செய்யவேண்டும்.

காசு விஷயத்தில் சண்டை பிடிக்கத் தேவையில்லை, ஒழுங்காகக் கேட்டால் போதும். மூன்று ஆண்டுகளில் யார் எவ்வளவு கட்டினார்கள் என்று உங்களிடமுள்ள பற்றுச்சீட்டுகளை வைத்து நீங்களே ஒரு அட்டவணை போடுங்கள். அப்புறம் செலவுக்கான பில்லுகளைக் கேளுங்கள். வீடு வாங்கும்போது பராமரிப்பு நிதிக்கு என்று ஒரு தொகை முன்கூட்டி வாங்கியிருந்தால், அது நிறுவனத்தின் காசு அல்ல. புதிய வங்கிக் கணக்கைக் கூட்டுத்தாபனத்தின் பெயரிலேயே திறக்கவேண்டும். தலைவரின் தனிக் கணக்கில் "தற்காலிகமாக" போட்டுவைப்பது நல்ல நட்பையும் கெடுக்கும். காசோலைக்கு இரண்டு கையெழுத்து வையுங்கள். கோயில் பரிபாலன சபையிலோ பழைய மாணவர் சங்கத்திலோ பொருளாளராக இருந்த ஒருவர் உங்கள் 19 வீட்டுக்குள் நிச்சயம் இருப்பார். அவரைத் தேடிப் பிடியுங்கள்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் கொழும்பு ஆலோசனைகளில் இது வராது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் இறங்கி, அடியிலுள்ள உப்புநீருக்கு மேலே மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலே வரும். அதே கல்லின் வெடிப்புகளுக்குள்தான் மலக்குழிக் கழிவும் இறங்குகிறது. ஒரு வளவில் ஒரு குடும்பம் இருந்த காலத்தில் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே போதிய தூரமும் இருந்தது, இறைப்பும் குறைவு. அதே வளவில் 24 குடும்பங்கள் என்றால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே பொறுப்பேற்குமுன், கிணறு அல்லது குழாய்க் கிணற்றின் ஆழம், மோட்டர் மட்டம், மலக்குழி எத்தனை அறைகள் கொண்டது, அதன் அடி பூசப்பட்டதா திறந்ததா, கழிவுநீர் சுத்திகரிப்புப் பொறி இருந்தால் அது உண்மையில் ஓடுகிறதா என்பதை அறியுங்கள். பொறி இருக்கும், மின்செலவுக்குப் பயந்து நிறுத்தி வைத்திருப்பார்கள். இது நான் நேரில் கண்டது. மலக்குழி அள்ளும் பவுசர் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருகிறது என்று காவலாளியைக் கேட்டால் உண்மை தெரியும். மாதம் ஒருமுறை வந்தால் குழி சிறிது என்று பொருள். ஒருபோதும் வராவிட்டால் இன்னும் மோசம், கழிவு நிலத்துக்குள் போகிறது. தண்ணீரை ஒரு ஆய்வுகூடத்தில் கொடுத்து நைத்திரேற்று, மலக்கிருமி, உப்புத்தன்மை மூன்றையும் பாருங்கள். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கைக்குழந்தைகளுக்கு அதனால் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் திறன் குறையும். கோடை முடிவில் ஒன்று, மாரிக்குப் பிறகு ஒன்று என்று இரண்டு தரம் பார்ப்பது நல்லது. பக்கத்து வளவுக்காரரின் கிணற்றையும் சேர்த்துப் பாருங்கள். அவர்கள் உங்கள் கட்டடத்தில் வீடு வாங்கவில்லை, ஆனால் உங்கள் மலக்குழியின் விளைவைக் குடிக்கிறார்கள்.

அடுத்தது மொட்டைமாடி. சூரிய மின்தகடும் தொலைத்தொடர்பு அன்ரெனாவும் அங்கேதான் வரும், வாடகையும் வரும். வரைபடத்தில் மொட்டைமாடி பொதுப் பகுதியாகக் காட்டப்பட்டிருந்தால் வாடகை கூட்டுத்தாபனத்துக்கு. கட்டியவர் தன் பெயரில் ஒப்பந்தம் செய்து வருமானம் எடுத்துக்கொண்டிருந்தால் கணக்குக் கேட்கவேண்டும். வாகனத் தரிப்பிடமும் அப்படித்தான். உங்கள் வீட்டோடு சேர்த்து வரைபடத்தில் இலக்கமிட்ட இடமா, பொது இடத்தில் வெறும் கோடு போட்டு விற்றதா என்று பாருங்கள். ஒரே இடத்தை இருவருக்குச் சொல்லியிருந்தால் அந்தச் சிக்கலை ஒப்படைப்புக்கு முன்பே அவர்கள் தீர்க்கட்டும்.

கூட்டத்தைப் பற்றி. யாழ்ப்பாணத்துத் தொடர்மாடிகளில் பெரிய சிரமம் ஆட்கள் இல்லாததுதான். உரிமையாளர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ பாரிஸிலோ இருப்பார், வீட்டில் வாடகைக்காரர் இருப்பார், திறப்பு சித்தப்பாவிடம் இருக்கும். கூட்டத்தில் உறுப்பினர் என்பது உறுதியில் பெயர் உள்ளவர்தான். மகளுக்குச் சீதனமாக எழுதிய வீடு என்றால் மகள்தான் உறுப்பினர், காசு கொடுத்த அப்பா அல்ல. இதைச் சொல்லும்போது சிலருக்கு மனம் நோகும். அதனால் முதல் நாளே மரியாதையாக எடுத்துச் சொல்லி, மகளிடமிருந்து பதிலாள் கடிதம் வாங்கிவரச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் நம்பிக்கையான ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுக்கலாம். நீண்டகாலத்துக்கு என்றால் முறைப்படி பதிந்த அற்றோணித் தத்துவம் நல்லது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சில விற்பனை ஒப்பந்தங்களில், உரிமையாளரின் சார்பில் கூட்டங்களில் வாக்களிக்கக் கட்டிய நிறுவனத்துக்கே அதிகாரம் தரும் ஒரு பந்தி ஒளிந்திருக்கும். 19 பேரும் தங்கள் ஒப்பந்தத்தை எடுத்து அதைத் தேடுங்கள். இருந்தால் சட்டத்தரணியின் ஆலோசனையோடு அந்த அதிகாரத்தை எழுத்தில் விலக்கிக்கொள்ளுங்கள்.

கூட்டத்தை நல்லூர்த் திருவிழா நாட்களில் வைப்பதுதான் எனக்குத் தெரிந்த நல்ல உபாயம். 25 நாட்கள் நடக்கிற திருவிழா, வருகிறவர்களில் பலர் தேரும் தீர்த்தமும் பார்க்காமல் திரும்பமாட்டார்கள். திருவிழாத் திகதி முன்பே தெரியும். அதற்கு ஆறு மாதம் முன்பே அறிவித்தால் உரிமையாளர்கள் ரிக்கற்றை அதற்கேற்பப் போடுவார்கள். வரமுடியாதவர்களை வீடியோவில் பேசவிடுங்கள், ஆனால் வாக்கு எழுத்தில் வரட்டும். கூட்டறிக்கையை அன்றிரவே எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். மூன்று நாள் கழித்து எழுதினால் மூன்று விதமான கூட்டம் நடந்திருக்கும்.

பொறுப்பேற்ற பிறகு வரும் ஆபத்தையும் சொல்லவேண்டும். முதல் ஆண்டிலேயே "நிறுவனம் வாங்கியதைவிடக் குறைவாக வாங்குகிறோம்" என்று காட்ட புதிய சபைகளுக்கு ஆசை வரும். செய்யாதீர்கள். 2021 ஜூன் 24 அன்று புளோரிடாவின் சேர்ஃப்சைட்டில் 12 மாடிக் குடியிருப்பு ஒன்று அதிகாலையில் சரிந்து 98 பேர் இறந்தார்கள். 1981இல் கட்டியது. அது கட்டியவரின் கையில் இருக்கவில்லை, உரிமையாளர்களின் சபைதான் நடத்தியது. நீச்சல்குளத் தளத்தின் நீர்க்காப்புப் பிழை என்று 2018இலேயே ஒரு பொறியியலாளர் எழுதியிருந்தார். திருத்தச் செலவு ஒன்றரைக் கோடி டொலருக்கு ஏறியது, சேமிப்பு நிதி அதற்குக் கிட்டவும் இல்லை, யார் எவ்வளவு கட்டுவது என்று ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. லிப்ட் கயிறு, மோட்டர், மொட்டைமாடிப் பூச்சு, வெளிச்சுவர் பெயின்ற் எல்லாவற்றுக்கும் ஆயுள் உண்டு. மாதக்காசில் ஒரு பகுதியைத் தொடாத கணக்கில் ஒதுக்குவது என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடுங்கள். பிறகு போடமுடியாது, அப்போது எல்லோருக்கும் வேறு செலவு வந்துவிடும்.

உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும், தனித்தனி வீடுகள் கொண்ட குடியிருப்புத் திட்டத்தில் இருப்பவர்களும் இதைக் கேட்பதுண்டு. அங்கே ஒவ்வொருவருக்கும் தனிக் காணி, தனி உறுதி. தானாக உருவாகும் கூட்டுத்தாபனம் கிடையாது. 1891ஆம் ஆண்டின் சங்கங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழோ, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பனியாகவோ நீங்களாகப் பதியவேண்டும். உள்வீதியும் வடிகாலும் யாருடைய பெயரில் இருக்கிறது, உள்ளூராட்சி சபைக்குக் கையளிக்கப்பட்டதா என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

இப்போதைக்கு நிறுவனத்துக்கு ஒரு சிறு பதில் அனுப்பிவிடுங்கள்: பொறுப்பேற்க நாங்கள் தயார், ஆவணங்களும் கணக்கும் வந்து, எங்கள் பொறியியலாளர் பார்த்த பிறகு, குறைகளின் பட்டியலை இணைத்துத்தான் கையெழுத்திடுவோம். அதுவரை லிப்டையும் மோட்டரையும் வழமைபோல நடத்துங்கள், நாங்களும் மாதக்காசை வழமைபோலக் கட்டுகிறோம் என்று எழுதுங்கள். காசை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் மின்சாரம் வெட்டுப்படும், நான்காம் மாடியில் இருக்கும் வயதானவர்தான் படியேறவேண்டி வரும். காணிப் பதிவகத்தில் வரைபட இலக்கம் கிடைத்ததும் எழுதுங்கள். முதல் கூட்டத்துக்கான அறிவித்தலை எந்தப் பெயரில், யார் ஒப்பமிட்டு அனுப்புவது என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்லமுடியும்.